மணையின் ஓரம்

அக்டோபர் 14, திங்கள்

மணை இரண்டும் வந்துவிட்டன. பிச்சுமணி ஆசாரி சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். எங்கள் பின்கட்டில் சாய்த்து வைத்திருந்த வேப்பம் பலகைகளில் செய்தது. வழக்கமான மணையைவிடக் கால்கள் உயரம். நான்தான் அப்படிக் கேட்டிருந்தேன்.

“யாருக்கு சார் கல்யாணம்? ஒங்க மகளுக்குத்தான் எப்பமோ ஆயிட்டே?”

“சொந்தத்தில் ஒருத்தருக்கு.”

“நெருங்கின சொந்தமோ?”

“ரொம்ப நெருக்கம்.”

“கால் ஒசரமா வேணும்னியளே, அதான் கேட்டேன். மாப்பிள்ளைக்கு முட்டுவலியோ?”

ஆமாம் என்றேன். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

மாப்பிள்ளை நான்தான். இந்த வரியை எழுதிவிட்டுச் சற்று நேரம் பேனாவை மூடி வைத்திருந்தேன். கார்த்திகை ஐந்தாம் தேதி, புதன்கிழமை, இந்த வீட்டின் முன்னறையில். பெண் திருமதி செண்பகவல்லி, தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு அறுபத்தெட்டு வயது. அவருக்கு என்ன வயது என்று நான் கேட்கவில்லை. அவராகச் சொன்னார், எழுதுவது முறையில்லை.

மணைகளுக்கு நானே வர்ணம் அடிப்பதாக உத்தேசம். ஆள் வைத்தால் அவரும் யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார்.

அக்டோபர் 15, செவ்வாய்

மணை எதற்கு, கோயிலில் மாலை மாற்றிக்கொண்டால் போதாதா என்று நானும் முதலில் நினைத்தேன். திருமதி செண்பகவல்லி கேட்டது இது ஒன்றுதான். அதற்கான காரணத்தையும் அவரே சொன்னார்.

நாங்கள் அறிமுகமானது தோள்பட்டை வைத்தியத்துக்குப் போன இடத்தில். இருவருக்கும் கை மேலே எழும்பாத அதே கோளாறு. சுவரில் இரண்டு கப்பிகள், இரண்டு கயிறுகள். பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கிணற்றில் நீர் இறைப்பதுபோல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேசாமல் இழுப்பது கடினம். அப்படித்தான் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“எனக்கு மொதக் கல்யாணத்துல மணையில துணிகூட விரிக்கல சார். தாலி கட்டி முடிச்சு எந்திரிக்கேன், ஓரத்துல ஒரு சிராய். கூறைச்சேலை டர்ருன்னு கிழிஞ்சிட்டு. அன்னைக்குப் பிடிச்சு எங்க மாமியார் சாவுற வரைக்கும் எனக்கு அந்த வீட்டுல பேரு என்ன தெரியுமா? ‘மணையிலேயே கிழிச்சவ.’ அவுக எறந்தப்பவும், எங்க வீட்டுக்காரரத்தான் சொல்லுதேன், அதச் சொல்லித்தான் அழுதாவ.”

சொல்லிவிட்டு என் கயிறு நின்றுவிட்டதைப் பார்த்து, “இழுங்க சார், டாக்டர் பாக்காரு” என்றார்.

இந்தத் தடவை நல்ல மணையில் உட்கார்ந்து ஒழுங்காக எழுந்திருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அரக்கு நிறத்தில் பட்டு எடுத்திருக்கிறாராம். பல வருடங்களுக்குப் பிறகு எடுக்கும் பட்டு.

மணையின் ஓரங்களைத் தடவிப் பார்த்தேன். ஆசாரி இழைப்புளி போட்டிருக்கிறார். ஆனாலும் வேம்பு வேம்புதான்.

அக்டோபர் 17, வியாழன்

சந்தைக்குப் பக்கத்துப் பெயிண்ட் கடையில் அடிப்பூச்சுக்கு ப்ரைமர், தேய்க்க உப்புத்தாள், பிரஷ் வாங்கினேன். கடைக்காரர் தண்ணீர் ப்ரைமரைச் சிபாரிசு செய்தார். “ஒரே கோட்டு சார். கண்ணாடி மாதிரி நிக்கும். மேல உப்புத்தாளே வேண்டாம்.” உப்புத்தாளையும் அவரே விற்றார்.

மொட்டைமாடிப் படிக்கட்டுக்குக் கீழே செய்தித்தாள் விரித்து ஒரு கோட் அடித்தேன். வெள்ளையாக, சமமாக இருந்தது. தோள்பட்டை வலிக்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

கண்ணாடி மாதிரி நிற்கவில்லை. இரண்டு நாள் மழிக்காத தாடி மாதிரி நிற்கிறது.

முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் தாவரவியல் நடத்தியவன் நான். ஈரம் பட்டால் மரத்தின் நார்கள் உப்பி எழும் என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன். தண்ணீர் ப்ரைமரில் தண்ணீர் இருக்கும் என்பது கடையில் எனக்குத் தோன்றவில்லை.

பொறுமை இல்லாமல் மத்தியானமே உப்புத்தாள் போட்டேன். உள்ளே காயாத ப்ரைமர் உருண்டு உருண்டு வந்தது, இட்லிமாவைத் தோசைக்கல்லில் தேய்த்ததுபோல. தாளும் அடைத்துக்கொண்டது. நிறுத்திவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

மகள் மங்கையர்க்கரசி மதுரையில் வங்கியில் இருக்கிறாள். ஞாயிறு காலை அவள் அழைப்பது வழக்கம்.

இன்று அவளிடம் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சு மட்டும்தான் போடுவார். மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பின்னால் நின்று போட வேண்டும். எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை. திருமதி செண்பகவல்லி போன வாரமே சொல்லிவிட்டார்: “மங்கை போடட்டும் சார். ஆனா நீங்கதான் கேக்கணும். நான் கேட்டா நல்லாருக்காது.”

ஆவணியில் கல்யாண விஷயத்தைச் சொன்னபோது மங்கை, “சரிப்பா. ஒங்க இஷ்டம்” என்றாள். அந்த இரண்டு சொற்றொடர்களையும் நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதலாவது சம்மதம். இரண்டாவதும் சம்மதமாகத்தான் இருக்க வேண்டும்.

“என்னப்பா பண்ணுதிய?” என்றாள் இன்று.

“ப்ரைமர் காயவில்லை” என்றேன். பிறகு மர நார்களைப் பற்றி விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். வேறு எதுவும் கேட்க முடியவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை. எதுவும் காயவில்லை, துண்டு உட்பட.

அக்டோபர் 24, வியாழன்

வெயில் வந்தது. ப்ரைமர் இறுகிவிட்டது. தேய்த்தால் மாவுபோல உதிர்கிறது. அதுதான் சரியான பதம் என்று தெரிந்துகொண்டேன். உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, மர ரேகை ஓடும் திசையிலேயே, அழுத்தாமல் தேய்த்தேன். சாயங்காலம் டார்ச் விளக்கைப் பலகையோடு படுக்க வைத்து அடித்துப் பார்த்தால் மேடுபள்ளம் நிழலாகத் தெரிகிறது. மறுபடி தேய்த்தேன்.

ஆனால் ஓரங்கள் வழவழப்பாகிவிட்டனவா என்பதை எப்படித் தீர்மானிப்பது? சர்க்கரை வந்த பிறகு என் விரல் நுனிகளை நான் நம்புவதில்லை. காப்பி டம்ளரின் சூடே தாமதமாகத்தான் தெரிகிறது. பட்டு மாட்டுமா மாட்டாதா என்று தெரிய வேண்டுமானால் பட்டைத்தான் இழுத்துப் பார்க்க வேண்டும்.

என் மனைவி பகவதியின் பீரோவைத் திறந்தேன். அவள் போன பிறகு, இந்த நாலு வருடத்தில், அதிகம் திறந்ததில்லை. நல்ல சேலைகளைத் தொடவில்லை. அடித்தட்டில் தனியாக ஒரு மயில்கழுத்து நிறப் பட்டு, முந்தானைக்குக் கொஞ்சம் கீழே கிழிந்தது, மஞ்சள் பையில் சுற்றி ஒதுக்கி வைத்திருந்தாள். பழைய பட்டு வாங்குகிறவனுக்காக இருக்கும். எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று நினைவில்லை. ஏற்கனவே கிழிந்ததாகையால் நஷ்டம் இல்லை என்று அதை எடுத்துக்கொண்டேன்.

மணையின் மேல் போட்டு மெதுவாக இழுத்தேன். அருமையான சோதனை. கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாத இடத்தில் எல்லாம் நூல் மாட்டி நிற்கிறது. மாட்டிய இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டேன். இந்த யோசனை எனக்குத் தோன்றியதில் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அக்டோபர் 26, சனி

குறித்த இடங்களைத் தேய்க்கும்போது ஒரு மூலையில் ப்ரைமர் முழுவதும் போய் மரம் தெரிந்துவிட்டது. மூலைகளில் கை தானாக அழுத்துகிறது. அந்த இடத்துக்கு மட்டும் ஒட்டுப்போட்டால் திட்டாகத் தெரியுமோ என்று பயந்து, இரண்டு மணைக்கும் முழுதாக இரண்டாவது கோட் அடித்தேன். இது அவசியமா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அக்டோபர் 27, ஞாயிறு

மங்கை அழைத்தாள். இன்று கேட்டே விடுவது என்று வாக்கியத்தை முன்கூட்டியே தயாரித்து வைத்திருந்தேன். எடுத்தவுடன் கேட்டால் நன்றாக இராது என்பதால் மணை வேலையிலிருந்து தொடங்கினேன்.

“பட்டுச் சேலையை வைத்துச் சோதிக்கிறேன். அம்மாவுடைய பழைய சேலை ஒன்று.”

“எந்தச் சேலைப்பா?”

“மயில்கழுத்து நிறம். மஞ்சள் பையில் இருந்தது. கிழிந்ததுதான்.”

தொடர்பு போய்விட்டதோ என்று ஹலோ சொன்னேன்.

“எதுக்கு சோதிக்கிய?”

“அவர்களுடைய பட்டு மணையில் மாட்டக் கூடாதல்லவா, அதற்கு.”

“நான் அப்புறம் பேசுதேன்ப்பா.”

யாரோ வீட்டுக்கு வந்திருப்பார்கள். வாக்கியம் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 29, செவ்வாய்

மங்கையை அழைத்தேன். எடுக்கவில்லை. வங்கியில் மாதக் கடைசி.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். மங்கையிடமிருந்து கைபேசிக்கு ஒரு விளக்குப் படம் வந்தது. பேசவில்லை. பட்டாசுச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது.

இரண்டாவது கோட் நன்றாகக் காய்ந்திருந்தது. பண்டிகை நாளில் உப்புத்தாளை எடுக்கலாமா என்று தெரியவில்லை. எடுத்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

மங்கை அழைக்கவில்லை.

சாயங்காலம் செண்பகவல்லி வந்தார். கையில் அதிரசம். மணைகளைப் பார்க்க வேண்டும் என்றார். படிக்கட்டுக்குக் கீழே அழைத்துப் போய்க் காட்டினேன்.

“எம்மாடி, இது மணையா, பளிங்குக் கல்லா? நான் வழுக்கி விழுந்திருவேன் போலுக்கே!”

“இன்னும் முடியவில்லை. இது ப்ரைமர் மட்டும்தான். இன்னொரு தடவை நைஸ் தாள் போட்டுவிட்டு எனாமல்.”

“மூஞ்சியெல்லாம் மாவு சார். ஒங்களப் பாத்தா மாவுமில்லுல வேலை பாக்கவர் மாதிரி இருக்கு.” சிரித்துக்கொண்டே திரும்பியவர் ஆணியில் தொங்கிய சேலையைப் பார்த்தார். “இது யாரு சேலை?”

நான் சோதனை முறையை விளக்கினேன். இழுத்துக் காட்டவும் போனேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“இது அக்கா சேலையா?”

“கிழிந்ததுதான்.”

“மங்கைக்குத் தெரியுமா?”

“சொன்னேனே.”

“என்ன சொன்னா?”

“அப்புறம் பேசுகிறேன் என்றாள்.”

“எப்பம்?”

“போன ஞாயிற்றுக்கிழமை.”

அவர் ப்ரைமர் மட்டும் அடித்த மணையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சேலையெல்லாம் வெள்ளையாகுமே என்று எனக்குப் பதற்றம்.

“சார், நீங்க எவ்வளவு படிச்சவுக. ஒரு பொம்பளப்பிள்ள ‘அப்புறம் பேசுதேன்’னு சொல்லி ஒரு வாரம் பேசலன்னா என்ன அர்த்தம்னு தெரியாதா?”

மாதக் கடைசி என்று சொல்ல வந்தேன். மாதம் பிறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

“என் சேலை கிழிஞ்சா கிழிஞ்சிட்டுப் போவுது. கடைக்குப் போனா வேற எடுத்துக்கிடுவேன். அவளுக்கு அம்மா சேலைய எந்தக் கடையில போயி எடுக்க?” எழுந்து, சேலையை ஆணியிலிருந்து எடுத்து, தூசியைத் தட்டாமல் மெதுவாக மடித்தார். “நீங்களே கொண்டு போயி அவ கையில குடுங்க. ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாதிய. அவ மனசு ஒப்பி வரலன்னா நான் மணையில உக்கார மாட்டேன். ‘மணையிலேயே கிழிச்சவ’ன்னு பேரு வாங்கியாச்சு. ‘மகளப் பிரிச்சவ’ன்னு இன்னொரு பேரு எனக்கு வேண்டாம்.”

அதிரசத்தை வைத்துவிட்டுப் போய்விட்டார். ஆட்டோவில் ஏறும்போது பின்பக்கம் முழுவதும் வெள்ளை. சொல்ல நினைத்தேன், சந்தர்ப்பம் சரியில்லை.

நவம்பர் 4, திங்கள்

சேலையைத் துவைக்கலாமா என்று யோசித்தேன். பட்டைத் துவைக்கும் முறை எனக்குத் தெரியாது. மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டினேன். ஜரிகையின் இடுக்குகளில் இருப்பது வரவில்லை.

மணை வேலை எதுவும் செய்யவில்லை.

நவம்பர் 9, சனி

இரண்டாம் சனி, வங்கிக்கு விடுமுறை. காலை பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். சேலையை வெள்ளை வேட்டியில் பொதிந்து மடியிலேயே வைத்துக்கொண்டேன். பக்கத்துச் சீட்டில் இருந்தவர், “மேல வைங்களேன், எடம் இருக்கு” என்றார். வேண்டாம் என்றேன்.

மங்கைதான் கதவைத் திறந்தாள். “வாங்கப்பா. சொல்லாம கொள்ளாம வந்திருக்கிய?” மருமகன் வெளியே போயிருந்தார். காப்பி கொடுத்தாள். சர்க்கரை இல்லாமல், சரியாக. நான் பொதியை மேசைமேல் வைத்தேன். அவள் பிரித்து, முகத்துக்கு அருகே கொண்டுபோனாள்.

“பெயிண்டு வாசனை அடிக்கி.”

“அது பெயிண்ட் இல்லை, ப்ரைமர்” என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகுதான் தெரிந்தது.

“இது என்ன சேலைன்னு தெரியுமாப்பா?”

நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

“என் கல்யாணத்துக்கு அம்மா கட்டுனது. ஆல்பத்துல எல்லாப் படத்துலயும் ஒங்க பக்கத்துல இதக் கட்டிக்கிட்டுத்தான் நிக்கா.”

“கிழிந்ததால் ஒதுக்கி வைத்திருந்தாள் என்று...”

“ஒதுக்கி வைக்கல. எனக்காக எடுத்து வச்சா. ‘நீ வந்தா ஒட்டுத்தையல் போட்டுக் குடுடி, எனக்குக் கண்ணு தெரியல’ன்னு. நானும் வாரப்பல்லாம் மறந்து மறந்து போயிட்டேன். அப்புறம் அவ போயிட்டா.” சேலையை மடியில் வைத்துக்கொண்டு கிழிசலைத் தேடினாள். அது முன்பைவிடக் கொஞ்சம் நீண்டிருந்தது. இழுத்ததில் நீண்டிருக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் போயிற்று.

“கல்யாணத்துக்கு நான் ஒண்ணும் சொல்லலியேப்பா. நீங்க தனியா கெடந்து சமைச்சுத் தின்னுக்கிட்டு இருக்கதப் பாத்து நானே எத்தனை நாள் அழுதிருக்கேன். ஆனா அவங்க சேலை கிழியக் கூடாதுன்னு அம்மா சேலையப் போட்டு இழுத்திருக்கிய.”

அந்த வாக்கியத்தில் மறுக்க எதுவும் இல்லை. ஆமாம் என்றேன். பிறகு செண்பகவல்லியின் முதல் கல்யாணத்துக் கூறைச்சேலை கதையைச் சொன்னேன். கப்பி, கயிறு, சிராய், மாமியார் வைத்த பெயர் எல்லாவற்றையும். வகுப்பில் நடத்துவதுபோல வரிசையாகச் சொன்னதாக ஞாபகம்.

மங்கை கிழிசலின் இரண்டு ஓரங்களையும் விரலால் சேர்த்துப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“சாவுற வரைக்குமா அப்படிக் கூப்பிட்டாவ?”

“ஆமாம்.”

“அவங்க புருஷன் ஒண்ணும் சொல்லலியா?”

“அது எனக்குத் தெரியாது. கேட்கவில்லை.”

“நீங்க எதக் கேட்டிய!” என்றாள். எழுந்து உள்ளே போய் எனக்குத் தட்டு வைத்தாள்.

சாப்பிட்டேன். முருங்கைக்காய்ச் சாம்பார். முடிச்சைப் பற்றிக் கேட்கவில்லை. அதற்கான இடம் அது இல்லை. பஸ் ஏற்றிவிட வந்தவள், ஜன்னல் அருகே நின்று, “மாத்திரை போட்டியளா?” என்று மட்டும் கேட்டாள்.

சேலை அவளிடம் இருக்கிறது.

நவம்பர் 10, ஞாயிறு

போனில் செண்பகவல்லியிடம் நடந்ததைச் சொன்னேன். “முடிச்சுப் போடக் கேட்டியளா?” என்றார். இல்லை என்றேன். “பிறகு?” என்றார். மணையின் ஓரம் இன்னும் பாக்கி என்றேன்.

சோதனை செய்யப் பட்டு இல்லாததால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையின் ஓரத்தால் தடவிப் பார்த்தேன். விரல் நுனியைவிட அங்கே உணர்ச்சி மிச்சம் இருக்கிறது. ஓரங்களில் நைஸ் தாளால் மிக லேசாகத் தேய்த்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நவம்பர் 12, செவ்வாய்

தூசியை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, எனாமல் அடித்தேன். இளமஞ்சள். அடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொசு வந்து உட்கார்ந்தது. ஊசி முனையால் எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சமன் செய்தேன்.

கல்யாணமே நடக்குமா என்று தெரியாதபோது மணைக்கு எனாமல் எதற்கு என்று ஒரு கேள்வி. ப்ரைமரை வெறுமனே விட்டால் ஈரம் இறங்கும். அதனால் அடித்தேன்.

நவம்பர் 15, வெள்ளி

மங்கையை நானே அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். வாக்கியத்தைத் தாளில் எழுதி எதிரே வைத்திருந்தேன். மூக்குக்கண்ணாடி பக்கத்து அறையில் இருந்துவிட்டது.

“மங்கை, எனக்கு அக்கா தங்கை இல்லை என்பது உனக்குத் தெரியும்.”

“தெரியும்ப்பா.”

“அதனால்...”

“அதனால?”

“தாலி கட்டும்போது பின்னால் நின்று இரண்டு முடிச்சு போட ஆள் இல்லை. நீ போட வேண்டும். அவர்களும் அதைத்தான் விரும்புகிறார்கள். நானும். நீ முடியாது என்றால் கல்யாணம் வேண்டாம் என்கிறார்கள். அதற்காக நீ சரி என்று சொல்ல வேண்டியதில்லை.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். எழுதி வைத்ததில் இல்லாதவையும் வந்துவிட்டன.

அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. பிறகு மங்கை, “பாப்போம்ப்பா” என்றாள்.

‘ஒங்க இஷ்டம்’ என்பதைவிட ‘பாப்போம்’ மேலா கீழா என்று தெரியவில்லை. செண்பகவல்லியிடம் சொன்னேன். “நீங்க கேட்டியள்லா, அது போதும். மிச்சத்த அவ பாத்துக்கிடுவா” என்றார். பிறகு, “அப்பம் நான் புதன்கிழமை வாரேன். அவ வரலன்னா ரெண்டு பேரும் அதே மணையில உக்காந்து காப்பி குடிச்சிட்டுப் போயிருவோம்” என்றார்.

நவம்பர் 19, செவ்வாய்

எனாமல் இறுகிவிட்டது. நகத்தால் அழுத்தினால் பதியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் பிரஷ் கோடு தெரிகிறது. சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுவிடலாம்.

மங்கையிடமிருந்து தகவல் இல்லை.

நவம்பர் 20, புதன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் செண்பகவல்லி தன் சித்தி மகள் நாச்சியாருடன் வந்தார். அரக்குப் பட்டு. ஐயர் வந்தார். நல்ல நேரம் ஒன்பதுக்குத் தொடங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்றார்கள். பிச்சுமணி ஆசாரியும் எப்படியோ கேள்விப்பட்டு வந்துவிட்டார். “ரொம்ப நெருங்கின சொந்தம்னியளே சார், இவ்வளவு நெருக்கம்னு நெனைக்கல” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

மணைகளைப் போட்டார்கள். நாச்சியார் அம்மாள் ஒரு புதுத் துண்டை உதறி இரண்டு மணைக்கும் சேர்த்து விரித்தார். மூலை முதல் மூலை வரை. இப்படித் துணி விரிப்பார்கள் என்பது இத்தனை நாளில் எனக்கு ஒருதடவைகூடத் தோன்றவில்லை. செண்பகவல்லி என்னைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது.

ஐயர் உட்காரச் சொன்னார். செண்பகவல்லி நின்றுகொண்டே இருந்தார். “கொஞ்சம் பொறுங்க” என்றார். ஐயர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். மறுபடியும் பார்க்கத் தைரியம் இல்லாமல் மணையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மங்கை மயில்கழுத்துப் பட்டு கட்டியிருந்தாள். அவள் அம்மாவின் அதே உயரம். செண்பகவல்லி சேலையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், “வா தாயி” என்றார்.

“பைபாஸ்ல லாரி கவுந்து கெடக்கு, அதான் லேட்டு” என்றாள் மங்கை, பொதுவாக. பிறகு மணையைப் பார்த்தாள். “துணி எதுக்கு? எடுங்க.”

“மணையில துணி விரிக்காம எப்படிட்டி?” என்றார் நாச்சியார் அம்மாள்.

“எங்கப்பா ஒரு மாசமா இத மட்டுந்தான் தேச்சிருக்காரு. போன எடுத்தா ப்ரைமரு, வச்சா ப்ரைமரு. மேல துணியப் போட்டு மூடுனா அவரு என்ன ஆவாரு?” அவளே குனிந்து துண்டை உருவினாள். உள்ளங்கையால் ஓரம் முழுவதும் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். “உக்காருங்க ரெண்டு பேரும். நேரமாவுது.”

உட்கார்ந்தோம். தாலியைக் கையில் கொடுத்தார்கள். கை அந்த உயரத்துக்கு எழுந்தது. கப்பிக்கு நன்றி. முதல் முடிச்சைப் போட்டேன். விரல் மரத்துப்போயிருந்ததால் இறுகியதா என்று தெரியவில்லை. அடுத்து என்ன செய்வது என்று தயங்கியபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து கயிற்றின் இரண்டு நுனிகளையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டது. “விடுங்கப்பா, நான் போடுதேன்.”

முடிச்சுப் போட அவள் மணைகளுக்கு நடுவே முட்டி போட்டிருந்தாள். முந்தானை தோளிலிருந்து சரிந்து, நான் ப்ரைமர் போகும்வரை தேய்த்துவிட்ட அந்த மூலையின் மேல் விழுந்திருந்தது. அதற்குச் சற்றுக் கீழே ஒட்டுத்தையல், அதே நிற நூலில், நெருக்கமாக. அவள் இரண்டாவது முடிச்சையும் மூன்றாவது முடிச்சையும் இறுக்குவதை நான் பார்க்கவில்லை. அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேளம் வைக்கவில்லை; பக்கத்து வீட்டுப் பெண்கள் குலவை போட்டார்கள். மங்கை எழுந்தாள். சேலை முழுதும், தையல் போட்ட இடம் உட்பட, மூலையைத் தாண்டி வழுக்கிக்கொண்டு அவள் பின்னால் போயிற்று.

எங்கும் மாட்டவில்லை.

நவம்பர் 21, வியாழன்

மங்கையும் மருமகனும் காலையில் கிளம்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை அழைப்பதாகச் சொன்னாள். என்னிடம் இல்லை, உள்ளே அடுக்களையைப் பார்த்துச் சொன்னாள்.

செண்பகம் மணையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையையும் பக்கத்து மணையின் மேலேயே வைத்திருந்தாள். எனாமலில் கீறல் விழும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.